கோலப்பொடியில் வரைந்த ஊர்

உலக வங்கியின் கடனுதவியுடன் 2005-ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கப்பட்ட புது வாழ்வுத் திட்டத்தில், ஏழைகள் யார் என்பதை அதிகாரிகள் அல்லாமல் ஊர் மக்களே கண்டறிய வேண்டும் என்பது விதியாக இருந்தது. அதற்கு 'மக்கள் நிலை ஆய்வு' என்று பெயர்.

அவ்வாறான ஓர் ஆய்வை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கோயில் முன்பிருந்த மண்தரையில் பெண்கள் கோலப்பொடியால் தெருக்களையும் கிணற்றையும் வரைந்து, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து, மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று ஒவ்வொரு வீட்டையும் வாதிட்டுப் பிரித்தனர். "மெத்தை வீடுதான், ஆனா சம்பாதிக்க ஆளில்ல" என்று ஒரு பாட்டி சொன்னதும் ஒரு கொட்டை இடம் மாறியது. கூரையையும் சுவரையும் மட்டும் பார்த்து எழுதும் எந்தக் கணக்கெடுப்பிலும் அந்த வீடு ஏழை வீடாகப் பதிவாகியிருக்காது.

வசதியானவர்களின் குரல் அங்கும் ஓங்கத்தான் செய்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டி, கிராம சபையின் ஒப்புதலையும் பெற வேண்டியிருந்ததால், பக்கத்து வீட்டாரின் கண்முன்னே தம்மை ஏழை என்று சொல்லிக்கொள்ள அந்த வசதியானவர்களில் பலருக்கும் கூச்சமாக இருந்தது. காலனித் தெருவை வரைபடத்தின் ஓரத்தில் ஒற்றைக் கோடாக முடித்திருந்தார்கள்; அங்கிருந்து வந்த பெண்ணொருவர் பொடியை வாங்கி, தம் தெருவின் வீடுகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினார்.