சனிக்கிழமைக் கட்டம்

அமெரிக்காவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருஷம் டூட்டி சார்ட் போட்டேன். ஒரு தாள், பென்சில், அழிரப்பர், அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவும் பகுதியில் இருந்த ஓர் அம்மா சனிக்கிழமை ஆஃப் கேட்டார். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை அவர் சபையில் யாரும் வேலை செய்வதில்லையாம். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கேட்டார். சனிக்கிழமைதான் எங்களுக்குக் கல்யாண விருந்துகள். "உங்களுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்றேன். அதுவரை வேறு ஒருவர்கூடக் கேட்டதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்று சனி அவர் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் எழுதியது நான்தான். அப்புறம் வேலையையே விட்டுப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து, 2019 ஜனவரியில், மயாமி நகர வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. அங்கேயும் ஹோட்டலில் பாத்திரம் கழுவிய பெண்தான், ஹைட்டிக்காரர். மத நம்பிக்கைக்காகப் பல வருஷம் ஞாயிறு விடுப்பு கொடுத்தவர்கள் திடீரென்று ஞாயிறு ஷிப்ட் போட்டார்கள். சக ஊழியர்களோடு மாற்றிக்கொண்டு சமாளித்தார், அதற்கும் முட்டுக்கட்டை. 2016இல் வேலை போனது. ஜூரி சொன்ன தொகை 2.15 கோடி டாலர்! எங்கள் சமையலறையில் அதே பேச்சு. (நிறுவனம் எவ்வளவு பெரிதானாலும், அந்த வழக்குக்கு அடிப்படையான 1964 குடிமை உரிமைகள் சட்டப்படி மன உளைச்சல் இழப்பீடும் தண்டமும் சேர்ந்து 3 லட்சம் டாலரைத் தாண்ட முடியாது, சம்பள பாக்கி தனி. அதை யாரும் பேசவில்லை.)

எச்.ஆர். எங்களைக் கூப்பிட்டு அந்தச் சட்டத்தை விளக்கினார்கள். ஒரு நிறுவனத்தில் 15 பேர் இருந்தாலே பொருந்துமாம். தொழிலுக்குத் தாங்க முடியாத சிரமம் இல்லையென்றால் ஊழியரின் மத அனுசரிப்புக்கு இடம் கொடுக்க வேண்டும். 1977 தீர்ப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சின்னச் செலவைக்கூடச் சிரமம் என்று முதலாளிகள் சொல்லிவந்தார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. அந்த வழக்கும் ஒரு தபால்காரரின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதுதான்.

சரி, என் சிரமம் என்னவாக இருந்தது? பழைய சார்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கழுவும் பகுதியில் ஏழு பேர். அதில் ஒரு பையனுக்கு ஞாயிறு டூட்டி என்றாலே முகம் சுருங்கும். சனிக்கிழமை மாற்றிக்கொள்வாயா என்று அவனிடம் சும்மா கேட்டேன்.

"அந்தம்மாவுக்கா? அப்பவே கேட்டிருந்தால் வந்திருப்பேனே" என்றான்.