நாற்பது பவுணுக்கு ஓர் அரசி

திருகோணமலைக்குப் போகிறவர்கள் புறாத்தீவுக்குப் படகேறுவார்கள், நிலாவெளியில் குளிப்பார்கள், கோணேசரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நான் இந்த முறை போனது ஒரு நாணய ஏலம் பார்க்க. ஏலம் நடந்தது லண்டனில். விலை கேட்டவர் உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். ஊருக்கு அவர் மாஸ்டர், எனக்கும் மாஸ்டர்தான். ஓய்வூதியத்தில் ஒரு சிறு தொகையை மாதாமாதம் ஒதுக்கி வைத்து, ஆண்டில் ஓரிரு ஏலங்களில் பழங்காசு வாங்குகிறார். பொற்காசு ஒன்றுகூட அவரிடம் இல்லை. ஆனால் பொலன்னறுவைக் காலத்துச் செப்புக்காசுகளைப் பற்றி அவர் பேசக் கேட்பதற்காகவே எத்தனை மணி நேரமும் பஸ்ஸில் வரலாம்.

மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதியால் வந்தேன். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. ஒரு காலத்தில் துறைக்குத் துறை ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறி இறங்க வேண்டியிருந்த வழி. இப்போது எல்லா இடத்திலும் பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் கொட்டியாரக்குடா விரிந்தது. பக்கத்தில் இருந்த மூதாட்டி எழுந்து நின்று பார்த்தார். நானும் எழுந்து நின்றேன்.

மாஸ்டர் வீட்டு முன்கூடத்தில் மேசை தயாராக இருந்தது: மடிக்கணினி, நகைக்கடைகளில் பாவிக்கும் சிறிய மின்தராசு, உருப்பெருக்குக் கண்ணாடி, ஒரு சப்பாத்துப் பெட்டி. பெட்டிக்குள் வரிசையாகக் கடதாசி உறைகள். ஒவ்வோர் உறையிலும் எடை, விட்டம், வாங்கிய ஏலம், கொடுத்த விலை, முன்பு யாரிடம் இருந்தது என்ற விபரம். ஏலக்காரர் அனுப்பிய சீட்டும் கூடவே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“செம்பை வாங்குங்கள், தம்பி,” என்றார். “தங்கம் அரண்மனையிலும் பண்டாரத்திலும் கிடந்தது. சந்தைக்குப் போனது செம்பு. உப்பு வாங்கினவனும் வெற்றிலை வாங்கினவளும் கையில் வைத்திருந்தது இதைத்தான். அதனால்தான் நிறைய மிஞ்சியது, அதனால்தான் நம்மாலும் வாங்க முடிகிறது.”

முதலில் கையில் தந்தது இராஜராஜ சோழனின் காசு. ஏறக்குறைய நான்கு கிராம், பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் அரசன் நிற்கிறான், கையில் மலர். முகம் என்று ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று கோடுகளும் ஒரு புள்ளியும் தலையாகின்றன. வேட்டியின் மடிப்பு காலின் இரு புறமும் வில்லாக வளைந்து இறங்குகிறது. மறுபக்கம் அரசன் அமர்ந்திருக்க, அவன் கையருகே மேலிருந்து கீழாக நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. தேய்ந்து கறுத்திருந்தாலும் வெளிச்சத்தைச் சாய்வாக விட்டால் எழுத்து மேலெழுந்து வருகிறது. 985 முதல் 1014 வரை ஆண்டவனின் பெயர், ஓர் உழவன் மடியில் முடிந்து வைத்திருந்திருக்கக்கூடிய செம்பில்.

சோழரை 1070இல் இலங்கையிலிருந்து வெளியேற்றினான் முதலாம் விஜயபாகு. அவனுக்குப் பின் வந்த பராக்கிரமபாகுவும் சகஸமல்லனும் அதே அமைப்பில்தான் செப்புக்காசு அடித்தார்கள்: ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் அமர்ந்த அரசன், நாகரியில் பெயர். பகைவனைத் துரத்தியும் அவனுடைய காசின் வடிவத்தை வைத்துக்கொண்டார்கள். சந்தைக்குப் பழகிப்போன வடிவத்தை எந்த அரசனும் எளிதில் மாற்றத் துணிவதில்லை என்பது மாஸ்டரின் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு பெரும் வசதி இருக்கிறது. காசுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், பெயரை வாசிக்கத் தெரியாத விற்பனையாளர்கள் பலரும் அவற்றை ‘இலங்கை, பல்வேறு மன்னர்கள்’ என்று ஒரே பொதியாகக் கட்டிவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பொதி ஒரு நூலகம். மாஸ்டர் நாகரியைத் தாமாகவே கற்றார். முழு மொழி தேவையில்லை, இருபது முப்பது எழுத்து வடிவங்கள் தெரிந்தால் போதும் என்கிறார். கையில் பணம் குறைந்தவனுக்கு முதலீடு படிப்புத்தான் என்பதை அவருடைய மேசையில் நான் கண்ணால் கண்டேன்.

எங்களுக்கு மாலை ஆறரை. லண்டனில் பிற்பகல் இரண்டு மணி. அன்ரி தேநீரும் பருப்பு வடையும் கொண்டுவந்து வைத்தார். ஏலப் பட்டியல் சில வாரங்களுக்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டது. மாஸ்டர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, பழைய ஏலங்களில் ஒத்த காசுகள் என்ன விலைக்குப் போயின என்று தேடி, இரண்டே இரண்டு பொதிகளைத் தெரிந்து வைத்திருந்தார். இரண்டுக்கும் உச்ச விலை ஒரு தாளில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. மின்சாரம் போனாலும் இழப்பு வராதபடி அந்த விலைகளை முன்கூட்டியே இணையத்தில் பதிந்தும் விட்டார்.

முதலாவது, யாழ்ப்பாண அரசின் சேது காசு. படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’. அந்த அரசை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்தது. மாஸ்டர் எழுதியிருந்தது 75 ஸ்டேர்லிங் பவுண். கேள்வி 40இல் தொடங்கியது. நான் தேநீர்க் குவளையைக் கீழே வைப்பதற்குள் 100ஐத் தாண்டி 140இல் நின்றது. ஏலக்காரர் மூன்றாம் தரம் தட்டிவிட்டார். மாஸ்டர் தாளில் அந்த வரியை மெதுவாக அடித்தார், அவ்வளவுதான். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. தமிழ் எழுத்துப் பொறித்த, நம் மண்ணிலிருந்து போன காசு. யாரோ, எங்கேயோ வாங்கிக்கொண்டார்கள். “இன்னும் ஐந்து பத்து கூட்டிக் கேட்டிருக்கலாமே, மாஸ்டர்?” என்றேன். “அந்த ஐந்து பத்து அடுத்த ஏலத்தின் காசு,” என்றார்.

இரண்டாவது பொதி ஏலத்தின் கடைசிப் பகுதியில் வந்தது. அதற்காகவே காத்திருந்தார். அந்த நேரத்தில் பெரிய காசுகளுக்கு வந்தவர்கள் கலைந்திருப்பார்கள், மிஞ்சியவர்களும் செலவழித்துக் களைத்திருப்பார்கள். பன்னிரண்டு செப்புக்காசுகள், பழைய சேகரிப்பொன்றிலிருந்து வந்தவை. கையெழுத்துச் சீட்டுகளும் படத்தில் தெரிந்தன. இந்தச் சீட்டுகளை மாஸ்டர் மிக முக்கியமாகக் கருதுகிறார். பண்பாட்டுப் பொருட்களின் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே ஒரு சேகரிப்பில் இருந்ததற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் மட்டுமே கேட்பார். அண்மையில் யாரோ தோண்டிக் கடத்தியதை வாங்கும் பாவம் தமக்கு வேண்டாம் என்பது அவருடைய உறுதி.

படத்தில் ஏழாவது காசைப் பெரிதாக்கிக் காட்டினார். “இந்தக் கைக்குக் கீழே என்ன தெரிகிறது?” ஸ்ரீ தெரிந்தது. ராஜ என்று ஊகிக்க முடிந்தது. அதன் கீழே ஒன்றையொன்று ஒத்த இரண்டு வளைவுகள். “லீ, லா,” என்று விரலால் தொட்டுச் சொன்னார். லீலாவதி. பொலன்னறுவையில் மூன்று முறை அரசு கட்டிலில் ஏறியவள். முதல் முறை 1197இல். இறக்கப்பட்டாள், மீண்டும் ஏற்றப்பட்டாள், மீண்டும் இறக்கப்பட்டாள். படைத்தலைவர்கள் அவளை முன்னிறுத்தித் தாங்கள் ஆண்டார்கள் என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். காசில் இருப்பது அவளுடைய பெயர், படைத்தலைவர்களுடைய பெயர் அல்ல.

பொதி 40 பவுணுக்கு விழுந்தது. மாஸ்டர் துள்ளவில்லை, கணக்கெழுதினார். ஏல நிறுவனத்தின் தரகு 20 சதவீதம், 8 பவுண். தரகின் மீது வரி 20 சதவீதம், 1 பவுண் 60 பென்ஸ். தபால் 10. ஆக 59 பவுண் 60 பென்ஸ். காசொன்றுக்கு ஐந்து பவுணுக்கும் குறைவு. புதிதாக ஏலத்துக்கு வருகிறவர்கள் விழுந்த விலையை மட்டும் பார்க்கிறார்கள். கையை விட்டுப் போகும் தொகை அதன் ஒன்றரை மடங்கு. தாளில் எழுதுகிற உச்ச விலையை இந்த மொத்தத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் எழுத வேண்டும். பொதி லண்டனிலுள்ள மகளின் முகவரிக்குப் போகிறது. அவர் விடுமுறைக்கு வரும்போது ரசீதுடன் கொண்டுவருவார்.

அடுத்த நாள் காலை பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு நடந்தேன். கோட்டை வாசலில், கல்லில் செதுக்கிய இணைக்கயல், பாண்டியரின் இரட்டை மீன் சின்னம். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கோட்டைக்குள் போயின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் கயல் பொறித்ததாகப் பாண்டியர் கல்வெட்டுச் சொல்கிறது. அதே இணைக்கயல் பாண்டியரின் சிறு செப்புக்காசுகளிலும் உண்டு. முந்தின இரவு மாஸ்டரின் பெட்டியில் அதைப் பார்த்துவிட்டு வந்ததால், கல்லின் முன்னால் நெடுநேரம் நின்றேன். வாசலுக்குள் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

கோயில் வழியில் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, கைக்குட்டையில் சுற்றிய ஒல்லாந்தர் துட்டுகளைக் காட்டினார். ஓரத்தைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடியது. மேற்பரப்பில் குமிழித் துளைகள். அடித்த காசில் இவை இரா. அச்சில் ஊற்றிய புதுப் பொருள். அவை உண்மையானவையாக இருந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தோண்டுவதும் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு காசு எந்த மண்ணில், எந்தப் பானையில், எந்தக் காசோடு கிடந்தது என்பதுதான் அதன் பாதிச் செய்தி. உலோகம் தேடும் கருவியோடு இரவில் வயலுக்குள் இறங்குகிறவர்கள் அந்தப் பாதியை ஒரே கணத்தில் அழித்துவிடுகிறார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை அவர்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.

பிற்பகல் மாஸ்டரோடு முச்சக்கரவண்டியில் பெரியகுளத்துக்குப் போனோம். வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி. செங்கல் கட்டடத்தின் எச்சங்களுக்கு நடுவே தமிழ்க் கல்வெட்டுகள் நிற்கின்றன. பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கத் தமிழர்கள் கொடுத்த கொடைகள். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து அந்த இராஜராஜன் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காசில் இருக்கும் பெயரே பள்ளிக்கும் பெயர். அதற்குமேல் நாங்கள் அங்கே அதிகம் பேசவில்லை. வெயில் கடுமையாக இருந்தது; காவலாளி தண்ணீர் தந்தார்.

திரும்பி வந்ததும் மாஸ்டர் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார்: பொதியைப் பிரித்தாலும் காசுகளைக் கழுவாதே, புளி போட்டுத் துலக்காதே, சவர்க்காரம் வேண்டாம். அந்தக் கறுப்பும் பச்சையும்தான் செம்பைக் காக்கிறது; போனால் எழுத்தும் போகும். சீட்டுகளைக் காசுகளோடே வை.

என் பங்குக்கு நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். 1780களிலும் 1790களிலும் ஒல்லாந்தர் இலங்கையில் தடித்த செப்புத் துட்டுகள் அடித்தார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினைக்கு மேலே அடித்த ஊரின் எழுத்து இருக்கும்: கொழும்புக்கு ‘சி’, காலிக்கு ‘ஜி’, திருகோணமலைக்கு ‘டி’. இந்த ஊரிலேயே அடித்த காசு. 1795இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டரிடம் ஒன்று இருக்கிறது, எழுத்துப் பாதி தேய்ந்தது. அடுத்த பட்டியல் வந்ததும் தேடப் போகிறேன். தரகு, வரி, தபால் எல்லாம் சேர்த்து 45 பவுண். தாளில் எழுதிவிட்டேன்.