அந்தப் பையன் இப்ப எந்த ஊர்ல?

2018 ஜூலை 18, புதன்கிழமை. காலை ஷிஃப்டுக்குப் போய் சாப்பாட்டுப் பையை லாக்கரில் வைத்துவிட்டுத் திரும்பினால், யாழ்ப்பாணத்து அண்ணா காபி மெஷின் பக்கத்தில் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பதறியது.

"தம்பி, டிமாரைக் குடுத்துப்போட்டாங்கள்" என்றார்.

"யாருக்குண்ணா?"

"சான் அன்டோனியோவுக்கு. எங்கட பெடியனைத் தூக்கிக் குடுத்துப்போட்டாங்கள்."

நான் கனடாவுக்கு வந்து அப்போது ஐந்து மாதம். பிப்ரவரிப் பனியில் வந்து இறங்கி, ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் வாடகைக்கு இருந்தேன். மனைவியும் நான்கு வயது மகளும் ஊரில். எனக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை, காலை வணக்கம் ஒன்று, இதற்கு மேல் முதல் இரண்டு மாதம் யாரும் என்னிடம் பேசவில்லை. ஏப்ரலில் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் பிளே-ஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள், தொடங்கியதும்தான் அது மாறியது. அந்த வருஷம் 59 ஆட்டம் ஜெயித்துக் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் நின்ற எங்கள் ஊர் அணி டொரண்டோ ராப்டர்ஸ், மே மாதம் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்டிடம் 4-0 என்று தோற்றது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக அதே அணியிடம். டொரண்டோவை 'லெப்ரான்டோ' என்று கேலி செய்தார்கள். கோச் டுவைன் கேசியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த மாதமே அவருக்கு அந்த சீசனின் சிறந்த கோச் விருது கிடைத்தது.

சரி, இனி அக்டோபர் வரை பேச ஒன்றும் இருக்காது, பழையபடி குளிரும் காலை வணக்கமும்தான் என்று நினைத்தேன். குளிர்கூடப் போய்விட்டது. ஆனால் உண்மையான பேச்சு அதற்கப்புறம்தான் தொடங்கியது. எந்த ஆட்டக்காரரைக் கொடுத்து வேறு அணியிலிருந்து யாரை வாங்கலாம் என்ற பேச்சு.

மதிய இடைவேளையில் அண்ணா ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துக்கொண்டு வருவார். பெட்டிமேல் முகவரி எழுதும் கருப்பு மார்க்கரால் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் நாம் கொடுப்பவர்கள், வலது பக்கம் நமக்கு வருபவர்கள். பெயருக்கு நேரே சம்பளம். லீக் வைத்திருக்கும் சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும்போது இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஓரளவு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் அடித்துவிட்டு இன்னொரு பெயர். ஜமைக்காக்காரர் ஒருவர், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், அண்ணா, நான். நான்கு பேரும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அட்டைமேல் கவிழ்ந்திருப்போம். பெயர்கள் போட்டும் ஆசை தீரவில்லை என்றால் கடைசி வரியில் 'பிக்' என்று எழுதுவார். அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். பிக் என்பது வருங்கால டிராஃப்ட்டில் புதுப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அந்தப் பையன் இன்றைக்கு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பான். அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆனால் அவனை எடுக்கும் உரிமையை இன்றைக்கே விற்கலாம், வாங்கலாம்.

இது எனக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. நான் பெரியகுளத்துக்காரன். எங்கள் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பார்கள். மரத்தில் பிஞ்சுகூடப் பிடித்திருக்காது. வியாபாரி அண்ணாந்து பார்த்து, பூவின் கனத்தையும் மரத்தின் வயதையும் கணக்குப் பண்ணி ஒரு தொகை சொல்லிவிடுவார். காற்றடித்தால் அவர் பாடு, காய்த்துத் தள்ளினால் அவர் யோகம். பிக்குகளில் 'பாதுகாப்பு' என்று ஒன்று உண்டு. முதல் இத்தனை இடங்களுக்குள் வந்தால் கொடுக்க மாட்டோம், நாங்களே வைத்துக்கொள்வோம் என்பது. குத்தகையிலும் வாசல் ஓரத்து இரண்டு மரத்தை வீட்டுக்கென்று நிறுத்திக்கொள்வார்கள் அல்லவா, அது மாதிரி. இதை உடைந்த ஆங்கிலத்தில் நான் சொன்னபோது ஜமைக்காக்காரர் மேசையைத் தட்டினார். அவருடைய தாத்தாவுக்கும் மாந்தோப்பு இருந்ததாம். அன்றிலிருந்து என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

ஆனாலும் ராப்டர்ஸின் நட்சத்திரம் டிமார் டிரோசன் போன அன்று எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று சொல்ல வேண்டுமென்றால், ஊருக்குப் போய்த்தான் வர வேண்டும்.

பெரியகுளத்தில் மே மாதம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். தெரிந்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், கேலரி முழுக்கக் கூட்டம், வறுத்த கடலை, மாம்பழ வாசனை. ஐ.ஓ.பி., இந்தியன் பேங்க், கடற்படை என்று அணிகள் வந்து இறங்கும். எங்களுக்கும் அப்போது ஒரு ஊகப் பேச்சு உண்டு. 'இந்த வருஷம் பேங்க்காரங்க யாரை எடுப்பாங்க?' என்பதுதான் அது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு பையனை எடுத்துவிட்டார்கள் என்றால் அந்த வீட்டுக்கே விடிந்துவிட்டது என்று அர்த்தம். சம்பளம், பிஎஃப், கல்யாணம், எல்லாம். முட்டி தேய்ந்து ஆட முடியாமல் போனாலும் கவுண்டரில் ஒரு நாற்காலி இருக்கும். 'எடுத்துட்டாங்க' என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் அதுதான் பொருள்.

என் தாய்மாமா நல்ல கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுபோகும் ஆட்டக்காரர். உயரம் குறைவு, ஆனால் இடது கையில் பந்தைக் கொண்டுபோனால் யாரும் தடுக்க முடியாது. ஒரு வருஷம் அவரை எடுத்துவிடுவார்கள் என்று கேலரியே பேசியது. செலக்‌ஷன் டிரையலுக்குப் பாட்டி வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கு நீலம் போட்டு வெளுத்துக் கொடுத்தாள். எடுக்கவில்லை. உயரமான ஒருவரை எடுத்தார்கள். மாமா அப்புறம் உரக்கடை வைத்தார். இன்றைக்கும் கடை வாசலில் வாடிக்கையாளர் வராத நேரத்தில், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு மணிக்கட்டை மடக்கி மடக்கி விரிப்பார்.

எடுக்காமல் விட்டதன் வலி எனக்குத் தெரியும். எடுத்த பிறகு கொடுத்துவிடுவார்கள் என்பது மட்டும் தெரியாது.

டிமாரை 2009 டிராஃப்ட்டில் 9-வதாக எடுத்தது டொரண்டோ. கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் பிறந்த பையன், பனி கொட்டும் இந்த ஊருக்கு வந்து ஒன்பது சீசன் ஆடினான். நட்சத்திரமானவர்கள் ஒவ்வொருவராக இந்த ஊரை விட்டுப் போனதைப் பார்த்துப் புண்பட்டிருந்த ஜனத்துக்கு, நான் போக மாட்டேன் என்று சொன்னவன் அவன். 2016-இல் மறுபடி கையெழுத்துப் போட்டான். இப்போது அவனைக் கொடுத்தபோது கூடவே போனது யாக்கப் பர்ட்டில் என்ற ஆட்டக்காரரும் 2019-இன் முதல் சுற்று பிக் ஒன்றும். பதிலுக்கு சான் அன்டோனியோவிலிருந்து வந்தவர்கள் கவாய் லெனர்ட், டேனி கிரீன். அந்த பிக்குக்கு முதல் 20 இடம் வரை பாதுகாப்பு உண்டு. ஒன்பது வருஷம் ஆடியவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அண்ணாவின் அட்டையில் சம்பளக் கணக்கு ஒத்துவந்தது. தன்னிடம் சொன்னது ஒன்று, நடந்தது வேறு என்று டிமார் எழுதினான். பேச்சில் புரிதல் பிசகியிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று அணி நிர்வாகத்தின் தலைவர் மசாய் உஜிரி எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். என் குரலை வைத்தே என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"டிரான்ஸ்ஃபர் போட்டுட்டாங்களா? மனுக் குடுக்க முடியாதா?"

"இங்கே அதெல்லாம் இல்லம்மா."

"பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு பொம்பளைப் பிள்ளைக."

"அய்யோ, பள்ளிக்கூடம் மாத்தணுமே" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் மகளை எழுப்பி உட்காரவைத்துப் போனைக் கொடுத்தாள். அவள் பாதித் தூக்கத்தில், "அப்பா, எப்ப வருவ?" என்றாள்.

அந்த வருஷக் கோடையில் நான் போட்ட கணக்கெல்லாம் இதுதான். டிமாரைக் கொடுத்தது தப்பு. கவாய் ஒரு வருஷத்தில் போய்விடுவார். அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. "மனசு நோகுது தம்பி, ஆனா கவாய் வந்தா கப் வரும்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நடந்தது.

2019 பிப்ரவரி 22-ஆம் தேதி டிமார் சான் அன்டோனியோ சட்டையில் டொரண்டோவுக்கு ஆட வந்தான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் பேஸ்மெண்டில் நானும் அண்ணாவும் டிவி முன்னால் எழுந்து நின்றோம். கடைசி நிமிடத்தில் பந்து டிமார் கையில் இருந்தது. ராப்டர்ஸில் அவனுடைய உயிர் நண்பனாக இருந்த கைல் லௌரியும் கவாயும் இரண்டு பக்கமும் வந்து நெருக்கினார்கள். கவாய் பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடி உள்ளே அடித்தார். 120-117. நாங்கள் ஜெயித்தோம். அண்ணா துள்ளிக் குதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாருக்காகக் குதித்தோம், யாருக்காக உட்கார்ந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் 13, இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணியை 114-110 என்று முடித்துக் கோப்பை வந்தது. அந்த ராத்திரி ஸ்கார்பரோ தெருவில் ஹாரன் சத்தம் பெரியகுளத்துத் திருவிழா மாதிரி இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நான் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்று அன்று நம்பினேன். வீட்டுக்கு வந்து படுத்தால் காதில் ஹாரன் ஓயவில்லை. தெருவில் எல்லோருக்கும் பாயசம் கொடுக்கப் பாட்டி இல்லையே என்றுதான் மனசு ஓடியது.

மூன்று வாரம் கழித்து மறுபடி அட்டை வந்தது. கவாய் இருப்பாரா, போவாரா? ஊரில் உணவகங்கள் அவருக்கு இலவசச் சாப்பாடு என்று பலகை வைத்திருந்தன. ஜூலை 3 அன்று அவர் வந்திறங்கிவிட்டதாகப் பேச்சுக் கிளம்பி, ஒரு கறுப்பு வண்டியை ஹெலிகாப்டரில் துரத்தித் துரத்தி டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். கிடங்கில் யாரும் பெட்டி தூக்கவில்லை. சூப்பர்வைசரும் எங்களோடு நின்று பார்த்தார். ஜூலை 6 விடிவதற்குள், இரண்டு மணி வாக்கில், செய்தி வந்துவிட்டது. அவர் போவது லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு.

அதோடு கூட இன்னொரு செய்தி. கவாயோடு ஆட பால் ஜார்ஜை வாங்குவதற்காக, கிளிப்பர்ஸ் ஓக்லஹோமா சிட்டிக்கு ஐந்து முதல் சுற்று பிக்குகளும், இங்கே பக்கத்து ஹாமில்டனில் வளர்ந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற பையனையும் கொடுத்தது. அண்ணா அதை அட்டையில் எழுதி, ஷாய் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இந்தப் பெடியனைப் பார்த்துக்கொள்ளும்" என்றார். அந்தப் பிக்குகளில் ஒன்றில்தான் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தான். 2025-இல் ஓக்லஹோமா கோப்பையைத் தூக்கியபோது முன்னால் நின்றவர்கள் ஷாயும் அவனும். பூவில் குத்தகை எடுத்த தோப்பு அப்படிக் காய்த்தது. அட்டையை அண்ணா இன்னும் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். மார்க்கர் மங்கிப் பழுப்பாகிவிட்டது, வட்டம் மட்டும் தெரிகிறது.

நடுவில் நிறைய ஆகிவிட்டது. மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். 2021 டிராஃப்ட்டில் நான்காவது இடத்தில் எல்லோரும் ஜேலன் சக்ஸ் என்று சத்தியம் பண்ண, ராப்டர்ஸ் ஸ்காட்டி பார்ன்ஸ் என்றது. என் மகள் மட்டும்தான் அவனுடைய சிரிப்பைப் பார்த்துவிட்டு, "இந்த அண்ணா போதும்" என்றாள். அடுத்த வருஷம் சிறந்த புதுமுகம் அவன்தான். லௌரியும் போனான், அப்புறம் அனுனோபி, சியாகம். ஒவ்வொரு முறையும் எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் உரக்கடை வாசலில் மடங்கி விரியும் அந்த மணிக்கட்டு கண்ணில் வந்து நிற்கும்.

2025 ஜூன் டிராஃப்ட்டில் எங்களுக்கு வந்த இடம் மறுபடியும் 9. காலின் மரி-பாய்ல்ஸ் என்ற பையன். அன்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, டிமாரை எடுத்த அதே நம்பர் என்று சொன்னேன். அவளுக்கு டிராஃப்ட்டெல்லாம் புரியாது. ஆனால் பெயர் ஞாபகம் இருந்தது.

"அந்தப் பையன் இப்ப எந்த ஊர்ல இருக்கான்?"

சான் அன்டோனியோ, அங்கிருந்து சிகாகோ, இப்போது சாக்ரமெண்டோ என்று வரிசையாகச் சொன்னேன்.

"அது அவன் ஊருக்குப் பக்கமா?"

"சொந்த மாநிலம்தாம்மா. வீட்டுக்கு 600 கிலோமீட்டர் இருக்கும்."

அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சென்னைக்கும் பெரியகுளத்துக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூட.

"அப்ப சரி" என்றாள். "ஒரு ராத்திரி பஸ்தானே."