பதினொன்றாம் ஆளுக்கு ஒரு வக்காலத்து

சேப்பாக்கம் மைதானம் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் 1999-க்குத்தான் போவார்கள். சச்சினின் 136, முதுகுவலி, 12 ரன்னில் தோல்வி, ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டம். சரி, அதை யார் மறுத்தார்கள்? ஆனால் கடைசி ஆளாக மட்டை பிடித்துப் பழகிய எனக்குச் சேப்பாக்கம் என்றால் வேறு இரண்டு மாட்சுகள். ஒன்று 1986 செப்டம்பர் 22-ல் முடிந்த டெஸ்ட். இன்னொன்று 1987 அக்டோபர் 9-ல் நடந்த உலகக் கோப்பை ஆட்டம். இரண்டிலும் எதிரணி ஆஸ்திரேலியா. இரண்டும் முடிந்தது கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில். இரண்டிலும் அந்தப் பந்தில் அவுட் ஆனவர் ஒரே ஆள், இந்தியாவின் பதினொன்றாம் ஆளான சுழல் பந்துவீச்சாளர் மணிந்தர் சிங்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அந்த சர்தார் மட்டும் ஒரு ரன் எடுத்திருந்தால்..." என்று ஆரம்பித்தார். கிட்டத்தட்ட 40 வருஷமாக இதே வசனம். ரசம் வரும்வரை பொறுத்துக்கொண்டேன். அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். சென்னை லீக்கில், கீழ் டிவிஷன் ஒன்றில், இடது கை சுழல் போட்டுக்கொண்டிருந்தவன். பேட்டிங் வரிசையில் பதினொன்று. பன்னிரண்டு என்று ஓர் இடம் இருந்திருந்தால் கேப்டன் என்னை அங்கே போட்டிருப்பார். பதினொன்றாம் ஆளின் வாழ்க்கை பலருக்குத் தெரியாது. நெட்ஸில் அவன் முறை வரும்போது வெளிச்சம் போயிருக்கும். பந்து போடுகிறவர்கள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். மாட்சில் எட்டாவது விக்கெட் விழுந்ததும், அவுட் ஆகி வந்தவனின் காலிலிருந்து பேடை உருவிக் கட்டிக்கொள்ள வேண்டும். அது அவன் வியர்வையில் ஊறிக் கனத்துப்போயிருக்கும். பட்டை தேய்ந்து பிடிமானம் இருக்காது. "சுத்தாத, கட்டை போடு, ஸ்ட்ரைக்க அவன்கிட்ட குடு" என்று எட்டுப் பேர் எட்டுத் திசையிலிருந்து சொல்வார்கள். நாள் முழுக்கப் பந்து போட்டுத் தோள் வலிக்கிறவனிடம், பேட்ஸ்மேன்கள் பத்துப் பேர் சேர்ந்து முடிக்காத வேலையை முடிக்கச் சொல்வார்கள்.

இனி 1986. அந்த டெஸ்ட்டின் முதல் மூன்று நாளும் ஆஸ்திரேலியாவின் பக்கம்தான். 7 விக்கெட்டுக்கு 574 அடித்து, போதும் என்று இன்னிங்ஸை முடித்து டிக்ளேர் செய்தார்கள். டேவிட் பூன் 122, ஆலன் பார்டர் 106, எல்லாவற்றுக்கும் மேலே டீன் ஜோன்ஸின் 210. செப்டம்பர் மாதச் சென்னைப் புழுக்கம் இங்கே பிறந்தவனையே உலுக்கும். மைதானத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய், அதன் வாசனையைப் பற்றித் திருவல்லிக்கேணிக்காரனான நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மெல்போர்னிலிருந்து வந்த 25 வயதுப் பையன் அதில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினான். ஆடுகளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தான். 170 ரன்னில் இருந்தபோது, இனி முடியாது, போய்விடுகிறேன் என்று கேட்டிருக்கிறான். போவதானால் போ, என் மாநிலத்திலிருந்து தெம்பான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை இறக்கிக்கொள்கிறேன் என்கிற ரீதியில் கேப்டன் பார்டர் சீண்டியிருக்கிறார். ரோஷம் வந்து இன்னும் 40 ரன் அடித்துவிட்டுத்தான் அவுட் ஆனான். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். இந்தியாவில் ஓர் ஆஸ்திரேலியர் அடித்த அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோர் இன்றைக்கும் அந்த 210-தான். 2020 செப்டம்பரில் ஜோன்ஸ் மும்பையில் மாரடைப்பில் இறந்த செய்தி வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் அந்தக் கால்வாய்தான்.

இந்தியா 397. கபில் தேவ் 119 அடித்து, உடனே மறுபடி ஆட வேண்டிய ஃபாலோ ஆனிலிருந்து காப்பாற்றினார். அடுத்து ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 170. நான்காம் நாள் ஆட்டம் அதோடு முடிந்தது. மறுநாள் காலை பார்டர் மேற்கொண்டு ஆடாமல் அப்படியே டிக்ளேர் செய்தார். இந்தியா ஜெயிக்க ஒரு நாள், 87 ஓவர், 348 ரன். டிராவுக்குப் போக வேண்டிய மாட்சை ஒரு கேப்டன் வேண்டுமென்றே திறந்துவிட்டார். அந்த டெஸ்ட்டின் பெருமையில் பாதி, என் கணக்கில், பார்டருக்குத்தான் சேர வேண்டும். தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியின் கேப்டன் எடுத்த முடிவு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அன்று திங்கள்கிழமை. பள்ளி விட்டு வந்ததும் எங்கள் தெருமுனை வெற்றிலைபாக்குக் கடைக்கு ஓடினேன். டிரான்சிஸ்டரைச் சுற்றி ஏற்கெனவே பத்திருபது பேர். எங்கள் தெருவுக்கு ஒரு வசதி இருந்தது. மைதானம் கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ரேடியோவில் கூட்டம் கத்தும். இரண்டு மூன்று விநாடி கழித்து அதே கத்தல் மாடிகளுக்கு மேலே காற்றில் வரும். முதலாவது மின்சாரத்தில் வந்தது, இரண்டாவது நடந்து வந்தது என்று கடைக்காரர் சொல்வார். விக்கெட் விழுந்தால் ரேடியோ 'ஐயோ' என்று இறங்கும், ஆனால் மேலே காற்றில் முந்தைய விநாடியின் ஆரவாரம் இன்னும் வந்துகொண்டிருக்கும்.

கவாஸ்கருக்கு அது தொடர்ச்சியாக நூறாவது டெஸ்ட். 90 அடித்து ரே பிரைட்டிடம் அவுட் ஆனார். ஸ்ரீகாந்த் 39, அமர்நாத் 51, அசாருதீன் 42. கபில் 1. பண்டிட் 39. ஒரு முனையிலிருந்து கிரெக் மாத்யூஸ் ஓயாமல் ஆஃப் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. ஆள் ஒரு தினுசு. இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்.

6 விக்கெட்டுக்கு 331. இன்னும் 17 ரன், கையில் 4 விக்கெட். ஜெயித்த மாட்ச் என்றுதான் கடையில் எல்லாரும் நினைத்தார்கள். அதே 331-ல் சேத்தன் சர்மா போனார். 334-ல் கிரண் மோரே, ரன் எதுவும் எடுக்காமல். ஷிவ்லால் யாதவ் ஒரு சிக்ஸர் அடித்தார். தெருவே குதித்தது. 344-ல் அவர் போல்டு. ரே பிரைட்டுக்கு அது ஐந்தாவது விக்கெட். அப்போதுதான் மணிந்தர் உள்ளே வருகிறார். 8 பந்து, 4 ரன். அந்த ஓவரில் மிச்சமிருந்த 2 பந்தையும் அவர் ஆடித் தப்பித்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடைசி ஓவர், மாத்யூஸ். ரவி சாஸ்திரி ஆடுகிறார். முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் 2. மூன்றாவதில் 1. ஸ்கோர் சமம். 3 பந்து பாக்கி, ஸ்ட்ரைக் மணிந்தரிடம்.

அந்த சிங்கிளைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தோல்வி இனி இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அதை எடுத்தேன் என்று சாஸ்திரி பிற்பாடு சொல்லியிருக்கிறார். நியாயம்தான், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நானும் எத்தனையோ முறை எதிர்முனையில் நின்று அப்படியொரு சிங்கிளுக்கு ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்தின் பாதியில் பேட்ஸ்மேன் நம்மைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்ப்பான். என் பங்கு முடிந்தது, இனி நீ பார்த்துக்கொள் என்கிற பார்வை. அதைப் பார்த்த பிறகு மட்டை ஒரு கிலோ கூடிவிடும்.

நான்காவது பந்தை மணிந்தர் கட்டை போட்டார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. மாத்யூஸ் கத்தினார். அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் உடனே மேலே போனது. 347 ஆல் அவுட். டை.

ரேடியோவில் ஒரே குழப்பமான இரைச்சல். மேலே காற்றில் வழக்கம்போல் இரண்டாவது சத்தம் வரும் என்று அண்ணாந்து காத்திருந்தோம். அது வந்தது, ஆனால் கத்தல் மாதிரி இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் 'என்ன ஆச்சு?' என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. கடையில் கால் மணி நேரம் சண்டை, டிராவா டையா, இரண்டும் ஒன்றுதானே என்று. நேரம் முடிந்து முடிவில்லாமல் போனால் டிரா; கடைசி ஆளும் அவுட் ஆகி ரன் சமமாக நின்றால் டை. அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றில் டை ஆனது ஒரே ஒரு மாட்ச், 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஆடியது. அதில் ஆடிய பாப் சிம்ப்சன்தான் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார். இரண்டையும் உள்ளே இருந்து பார்த்தவர் அவர் ஒருவரே. மூன்றாவதாக ஒரு டை இன்றுவரை வரவில்லை.

பந்து முதலில் மட்டையின் உள் விளிம்பில் பட்டது என்று மணிந்தர் இன்றுவரை சொல்கிறார். என் தீர்ப்பு சரிதான் என்று விக்ரம்ராஜுவும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் அவர் எந்த டெஸ்ட்டிலும் அம்பயராக நிற்கவில்லை. ரீப்ளேயில் முடிவை மாற்றும் வசதியெல்லாம் அப்போது ஏது? நான் யார் பக்கம் என்று கேட்டால், மணிந்தர் பக்கம். அதில் தர்க்கம் ஒன்றும் இல்லை, பதினொன்றாம் ஆள்கள் என்கிற இன அபிமானம்தான்.

நடுவில் ஒரு விஷயம், இதை யாரும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. இந்த இரண்டு சேப்பாக்கம் மாட்சுகளுக்கும் இடையில், 1987 மார்ச்சில், பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக மணிந்தர் 27 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். பாகிஸ்தான் 116-ல் சுருண்டது. அந்த டெஸ்ட்டையும் இந்தியா 16 ரன்னில் தோற்றது. கவாஸ்கர் 96 அடித்தார், அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட், ஆகவே எல்லாருக்கும் நினைவிருப்பது கவாஸ்கர். பந்து போட்டவன் கதை அவ்வளவுதான்.

அடுத்து அக்டோபர், உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம். மறுபடி சேப்பாக்கம். ஜெஃப் மார்ஷ் 110. டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு அம்பயர் நான்கு என்று சைகை காட்டினார். இல்லை, அது சிக்ஸர் என்று ஆஸ்திரேலியர்கள் இடைவேளையில் முறையிட்டார்கள். கபில் தேவ் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். 268 என்றிருந்த ஸ்கோர் 270 ஆனது. அந்த 2 ரன்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீகாந்த் 70, அறிமுக ஆட்டத்தில் சித்து 73. 2 விக்கெட்டுக்கு 207. சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்தின் முன், இதற்கு மேல் என்ன வேண்டும்? அங்கிருந்து சரிந்தது. பின்னிக்கு ரன் அவுட், பிரபாகருக்கு ரன் அவுட். கடைசி ஓவரில் 6 ரன் வேண்டும், பந்து ஸ்டீவ் வாவிடம், மட்டை மணிந்தரிடம். இந்த முறை அவர் கட்டை மட்டும் போடவில்லை, 4 ரன் எடுத்தார். 2 பந்தில் 2 ரன் என்ற நிலை. ஐந்தாவது பந்தில் போல்டு. 269. ஒரு ரன்னில் தோல்வி. அந்த ஆஸ்திரேலிய அணிதான் ஒரு மாதம் கழித்துக் கல்கத்தாவில் கோப்பையைத் தூக்கியது.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கணக்கு சொல்ல வேண்டும். 35 டெஸ்ட்டில் 88 விக்கெட் எடுத்த பௌலர் அவர். அத்தனை டெஸ்ட்டிலும் சேர்த்து அவர் அடித்த ரன் நூறைத் தொடவில்லை, அதிகபட்சம் 15. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், சாஸ்திரிக்கும் தெரியும், கபிலுக்கும் தெரியும். 1986-ல் 331-லிருந்து 344-க்குள் மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் இன்னும் ஒரே ஒரு சிங்கிள் எடுத்திருந்தால் பேச்சே இல்லை. 1987-ல் 207-க்குப் பிறகு எட்டு விக்கெட் விழுந்தது, வந்த ரன் 62. இரண்டு பேர் ஓடி அவுட் ஆனார்கள். நான்கை ஆறாக்கியதில் போனது 2 ரன். கடைசி ஓவரில் வந்த 4 ரன்னும் மணிந்தரின் மட்டையிலிருந்து வந்தது. எதிர்முனையில் கிரண் மோரே 12 நாட் அவுட். அதற்கு முந்தைய வருஷம் அதே மைதானத்தில் சாஸ்திரி 48 நாட் அவுட். அவர்களை யாரும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இழுப்பதில்லை. இழுக்கவும் வேண்டாம். இந்த மனுஷனையும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.