டோனி மோரிசனின் காகிதங்களைத் தேடிப் போனதில் வீணான நாட்கள்

அமெரிக்க நாவலாசிரியர் டோனி மோரிசனின் ஆவணங்களைப் பார்க்கப் போகிறவர்கள் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரு முழு நாளும், அதற்கு முன் மூன்று வாரமும் வீணாய்ப் போயின. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆய்வுக்கு எனக்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. ஒன்று, ‘பிலவ்ட்’ நாவலின் கையெழுத்துப் பிரதிகள். இன்னொன்று, அவர் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் மற்ற எழுத்தாளர்களுக்கு எழுதிய கடிதங்கள். இரண்டுமே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவர் 1989 முதல் 2006 வரை அங்கே பேராசிரியர். அவருடைய ஆவணங்கள் அங்கே வந்து சேர்ந்ததை 2014-ல் அறிவித்தார்கள். வேறு எங்கே போய் இருக்கப் போகிறது?

நூலகத்தில் வாசகர் கணக்கு தொடங்குவது, பெட்டிகளுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் அரை மணி நேர வேலை. முட்டுக்கட்டை போட்டது என் பல்கலைக்கழகத்தின் பயணப்படி அலுவலகம். “நூலகத்தின் அழைப்புக் கடிதம் எங்கே?” என்று அங்கிருந்தவர் கேட்டார். ஆவணக் காப்பகம் யாரையும் அழைப்பதில்லை, நாம்தான் தேதி சொல்லிவிட்டுப் போகிறோம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். மூன்று முறை திருப்பி அனுப்பினார். கடைசியில், விண்ணப்பத்தை உறுதி செய்து நூலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை அச்செடுத்து, கீழே நெறியாளரிடம் கையெழுத்து வாங்கி, ‘அழைப்புக் கடிதம்’ என்ற தலைப்பிலேயே இணைத்துக் கொடுத்தேன். மறுநாளே பணம் வந்துவிட்டது. உங்கள் அலுவலகத்திலும் இப்படிக் கேட்டால் வாதாடாதீர்கள், இதையே செய்யுங்கள்.

நியூயார்க் பென் ஸ்டேஷனிலிருந்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் வரை ஒரு ரயில், அங்கிருந்து ஊருக்குள் போக ‘டிங்க்கி’ என்று எல்லோரும் கூப்பிடும் குட்டி ரயில். முதல் ரயில் தாமதமானதால் டிங்க்கி கண்ணெதிரே போய்விட்டது. வாசிப்பறை சாயங்காலமே மூடிவிடும் என்பதால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

ஃபயர்ஸ்டோன் நூலகத்தில் பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, பென்சிலும் மடிக்கணினியுமாக உட்கார்ந்தேன். பெட்டி வரும் என்று பார்த்தால், திரையைக் காட்டினார்கள். நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளை வாசிப்பறைக்குள் ஸ்கேன் செய்த படங்களாகத்தான் பார்க்க முடியும். இது நூலகத்தின் ஆவணப் பட்டியலிலேயே, ‘அணுகல்’ என்ற பகுதியில் எழுதியிருந்தது. பெட்டி எண்களை மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் பத்தியை நான் தாண்டிப் போயிருக்கிறேன். மோரிசன் மஞ்சள் லீகல் பேடில் (கோடு போட்ட தாள் கட்டில்) பென்சிலால் எழுதியவர். அந்தத் தாளைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். மனசு விட்டுப்போயிற்று.

ஆனால் முதல் படம் திறந்ததுமே காரணம் புரிந்தது. 1993 கிறிஸ்துமஸ் அன்று ஹட்சன் நதிக்கரையில் இருந்த அவருடைய வீடு தீப்பிடித்தது. நோபல் பரிசு வாங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தப்பித்த தாள்களில் பலவற்றில் அதன் தடம் இருக்கிறது. நான் பார்த்த மஞ்சள் தாளின் வலது ஓரம் அப்பளம் கருகின மாதிரி கருத்து, வளைந்து வளைந்து உடைந்திருந்தது. நான்கைந்து வரிகளின் கடைசிச் சொல்லையே காணோம். இதைக் கையில் கொடுத்திருந்தால் நான் புரட்டுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கியபோது, அழித்துவிட்டு மேலே எழுதிய சொல்லுக்கு அடியில் பழைய சொல்லின் கோடு மங்கலாகத் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அது தட்டுப்பட்டிருக்காது. அந்த ஒரு வரியிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் பதிப்பகக் கடிதங்களைப் பற்றி நூலகரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பதிப்பாசிரியராக மோரிசன் எழுதியவை பதிப்பகத்தின் கோப்புகள்; ராண்டம் ஹவுஸ் ஆவணங்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதாவது, அன்று காலை நான் கிளம்பி வந்த அதே நியூயார்க்கில்! எழுத்தாளரின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இந்தத் தவறு நடக்கும். அவர் வேலை பார்த்த இடத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

அன்றிரவே கொலம்பியாவுக்கு விண்ணப்பித்தேன். நான் கேட்ட பெட்டிகள் வெளிக்கிடங்கில் இருந்தன, வந்து சேர மூன்று வேலை நாள் ஆகும் என்றார்கள். பல நூலகங்கள் சேர்ந்து நடத்தும் அந்தக் கிடங்கு இருப்பது பிரின்ஸ்டனில். ஆனாலும் நான் கேட்ட பெட்டிகளை நேராக அங்கே போய்ப் படிக்க வழியில்லை. பெட்டி நியூயார்க்குக்கு வந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை விண்ணப்பித்தால் சனி, ஞாயிறு கணக்கில் சேராது என்பதையும் மறக்காதீர்கள்.

கொலம்பியாவின் பட்லர் நூலகத்தில், ஆறாவது மாடியில் கடைசியாக ஒரு நிஜப் பெட்டி என் முன்னால் வந்தது. உள்ளே கார்பன் பிரதிகள், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள். இரண்டு கையாலும் தூக்கவில்லை என்றால் சுருண்டுகொள்ளும். மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருப்பி அனுப்பும்போது மோரிசன் எழுதிய மறுப்புக் கடிதங்கள் அதில் இருந்தன. ‘எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாமல், கதை எங்கே தளர்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு வேண்டிய கடிதம் மாலை நான்கு மணிக்குக் கிடைத்தது. பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. தாள் நூலகத்தினுடையது, அதில் உள்ள சொற்களின் உரிமை வேறு ஒருவருடையது. நூலகம் காட்டியதாலேயே அச்சில் மேற்கோள் காட்டிவிட முடியாது. உரிமை வைத்திருப்பவரிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ஊர் திரும்பிய அன்றே அதைச் செய்துவிடுங்கள். நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது, பதில் வரவில்லை.