60 வார்த்தைகளும் ஒரு மறுப்பு ஓட்டும்

2001 செப்டம்பர் 14. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, இடிபாடுகளில் புகைகூட அடங்கவில்லை. அன்று அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி கொடுத்தது. செனட்டில் 98க்கு 0, பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1. அந்த ஒரு எதிர் ஓட்டு கலிஃபோர்னியாவின் சபை உறுப்பினர் பார்பரா லீயுடையது. அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து, போலீஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியிருந்தது.

அப்போது எனக்கும் அவர் செய்தது தவறாகத்தான் பட்டது. மூவாயிரம் பேரைப் பறிகொடுத்த நாடு கையைக் கட்டிக்கொண்டு உட்காருமா என்று கோபம்கூட வந்தது. இன்றும் சொல்கிறேன், தாக்குதலை நடத்திய அல் கொய்தாவின் முகாம்கள் ஆப்கானிஸ்தானில் இருந்தன, அதன் தலைவர் பின்லேடனை ஒப்படைக்க அங்கே ஆண்ட தாலிபான் மறுத்தது, எனவே அங்கே போனதற்குக் காரணமே இல்லை என்று என்னால் வாதாட முடியாது. ஆனால் அவர் எதிர்த்தது அதை அல்ல என்பது அந்தத் தீர்மானத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

அதன் முக்கியமான பகுதி ஆங்கிலத்தில் வெறும் 60 வார்த்தைகள். தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், புகலிடம் கொடுத்தவர்கள் என்று அதிபர் யாரைக் கருதுகிறாரோ அந்த நாடுகள், அமைப்புகள், ஆட்கள் மீது தேவையான பலத்தையெல்லாம் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். எந்த நாட்டில் என்று அதில் இல்லை, எத்தனை வருடத்துக்கு என்றும் இல்லை. பின்தேதியிட்ட காசோலைகூட இல்லை, தொகையே எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை அது.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். ஏமன், சோமாலியா என்று அதே அனுமதி நீண்டுகொண்டே போனது. 2014இல் ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) அமைப்புக்கு எதிராக ஈராக்கிலும் சிரியாவிலும் குண்டு போடவும் ஒபாமா அரசு இதைத்தான் காட்டியது, 2001இல் அந்தப் பெயரில் ஓர் அமைப்பே கிடையாது! பின்லேடன் கடைசியில் 2011இல் கொல்லப்பட்டது பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில். அதற்குப் பிறகும் ஆப்கானிஸ்தானில் பத்து வருடம் போர் நடந்தது.

கடைசியில் அமெரிக்கப் படைகள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் ஐஎஸ் தற்கொலைப் படையாள் வெடித்ததில் 13 அமெரிக்கப் படையினரும் ஆப்கானியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள். அந்தப் பதின்மூன்று பேரில் ஐந்து பேருக்கு வயது 20. ஓட்டெடுப்பு நடந்தபோது அவர்கள் கைக்குழந்தைகள். மூன்றே நாளில் அமெரிக்க ட்ரோன் காபூலில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற காரைத் தாக்கியது. வெடிகுண்டு ஏற்றிய கார் என்றார்கள். பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். காரை ஓட்டி வந்தவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். தவறு நடந்துவிட்டது என்று செப்டம்பர் 17 அன்று பென்டகன் ஒப்புக்கொண்டது, யாரும் தண்டிக்கப்படவில்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்த அனுமதியை ரத்து செய்யச் சொல்லி பார்பரா லீ வருடக்கணக்கில் முயன்றார். 2017இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் அவருடைய திருத்தம் நிறைவேறி, உறுப்பினர்கள் கைதட்டினார்கள், அதில் இரண்டு கட்சியினரும் உண்டு. சில வாரங்களில், சபையின் முழு விவாதத்துக்கு வரும் முன்பே, அதை நீக்கிவிட்டார்கள்.