நாற்பத்திரண்டில் ஓய்வு

பாரிஸ் ஓப்பராவின் பாலே குழுவில் ஐந்து படிநிலைகள் உண்டு. கீழ்நிலையில் இருப்பவர்கள் மேலே செல்ல, நடுவர்கள் முன்னிலையில் கட்டாயமான தனிநடனம் ஒன்றையும் தாமே தேர்ந்த இன்னொன்றையும் ஆடிக்காட்டும் போட்டிமுறை நெடுங்காலமாக நடந்துவந்தது. 2014இல் நடன இயக்குநராக வந்த பெஞ்சமின் மில்பியே இதை வெளிப்படையாகவே குறை கூறினார். ஆண்டு முழுவதும் மேடையேறுபவரைச் சில நிமிடங்களில் எடைபோடுவது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆயினும், யாருக்கு எந்த வேடம் என்பதை ஒரே ஒருவரின் விருப்பம் முடிவுசெய்யும் குழுக்களை நினைத்தால், பலர் கண்முன் நடக்கும் தேர்வு அவ்வளவு மோசமில்லை என்றும் தோன்றுகிறது. (உச்சநிலையான ‘எத்துவால்’ போட்டியில்லாத நியமனம், பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்த கையோடு மேடையிலேயே அறிவித்துவிடுகிறார்கள்.)

ஓய்வு வயது 42. அந்த ஓய்வூதிய ஏற்பாடு பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில், 1698இல் தொடங்கியது. அதில் அரசு கைவைக்க முனைந்தபோது, 2019 டிசம்பர் 24 அன்று, பாரிஸ் ஓப்பராவின் கார்னியே அரங்கின் வெளிப்படிகளில், குளிரில், வெள்ளை உடையணிந்த நடனப் பெண்கள் ‘அன்ன ஏரி’ பாலேயின் ஒரு பகுதியை ஆடினார்கள். அந்த ஓய்வூதியத்தைச் சலுகை என்று ஏளனம் செய்தவர்கள், நாற்பதைக் கடந்த கால் ஒன்று விரல்நுனியில் எழுந்து நிற்க என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்தார்களா, தெரியவில்லை.